கைய எடுங்க, அத்தான்

ஹலோ... அத்தான்? நான்தான் சுகந்தினி, கொழும்புலேர்ந்து... ஆமா, ஆமா, சாப்பிட்டேன். அத விடுங்க. மல்லிகாக்காவுக்கு கால் வீங்கியிருக்காமே, ஒங்க மூத்த மக சொன்னா... ஒப்பரேஷன் பண்ண அதே கால்தானே?... பாதத்துல இல்லையா, கெண்டைக்காலா? சுடுதா?... எத்தன நாளா?... மூணு நாளா! மூணு நாளா என்னங்க பண்ணிக்கிட்டிருந்தீங்க?

...எண்ணெயா? சுட வச்சு... யாரு உருவுறது?... நீங்களேவா! காலையிலயும் அந்தியிலயுமா... ஐயோ அத்தான், அது மலையில வழுக்கி விழுந்த சுளுக்கு இல்லைங்க. இருங்க, நான் சொல்றத கேளுங்க. உள்ளுக்கு ரத்தம் ஒறஞ்சிருக்கலாம். உருவ உருவ கழண்டு நெஞ்சுக்குப் போயிரும்... சும்மா பயங்காட்டல. நான் வேல செய்ற பாமசியில மருந்து குடுக்கிற ரிஸ்லா மிஸ்ஸுக்கிட்ட கேட்டுட்டுத்தான் கோல் அடிக்கிறேன்.

நடக்கச் சொல்லித்தானே ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க, நடந்தாளா?... பன்னெண்டு நாளா பாயிலயேவா?... ஆமா. ஆமா, தண்ணி கூட கையில குடுத்தீங்க. ரொம்ப நல்லா பாத்திருக்கீங்க. காய்ச்சலோட கொழுந்து பறிக்கப் போனாளே, அப்ப இந்த அக்கற எங்க போச்சு?... சரி, பேசல. பேசல. மூச்சு வாங்குதா அவளுக்கு?... வாங்குதா?

தோட்டத்து தொரைக்கிட்ட லொறி கேட்டு நிக்காதீங்க. 1990 நம்பருக்கு அடிங்க. பெல்மதுளையிலேர்ந்து அம்புலன்ஸ் வந்துரும், சிங்களந்தான் நல்லா பேசுறீங்களே... என்னது, வர மாட்டேங்கிறாளா? போன அவகிட்ட குடுங்க.

அக்கா... மெதுவா. மெதுவா பேசு... நெஞ்சுல குத்துதா? எப்பலேர்ந்து?... நேத்துலேர்ந்தா! அவருகிட்ட சொன்னியா?... ஏன்க்கா சொல்லல?... சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு, அவ்வளவுதானே, அதுல என்ன?... அழாம சொல்லு, வெளங்கல...

...

பதினேழு வருசத்துல இப்பதான் அந்த மனுசன் ஒன்ன பக்கத்துல ஒக்காந்து பாக்குறாரா.

...

அதுக்காக சாவியா நீ?... இல்லக்கா, ஏசல. ஏசல. ஒன்ன யாரு அப்பிடி ஏங்க வச்சாங்களோ, அவங்களத்தான் ஏசணும்... போன வச்சிராத. நானே இங்கேர்ந்து 1990க்குச் சொல்றேன், வந்தா ஏறு... என்ன, இப்பவுமா? பேசிக்கிட்டிருக்கும்போதேவா உருவுறாரு? ஸ்பீக்கர்ல போடு. போடுக்கா! அத்தான், கைய எடுங்க. ஒங்களத்தான், கைய எடுங்க அத்தான்!... ஹலோ? அக்கா?... ஹலோ...