மெல்பனுக்குப் போகும் ஆட்டுக்கல்

ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயிலில், என் பின்சீட்டிலிருந்த ஒருவர் தம் மனைவியிடம் சொன்னார்:

“நேற்று லொறியை நான் ஓட்டயில்லை. பின்னால கொழுவின ட்ரெய்லர்தான் என்னை ஓட்டினது.”

அந்த எழுபதுகளில் சிட்னி ரயிலில் தமிழ் கேட்பதே அபூர்வம். பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி காதை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை அவர்கள் மெல்பனுக்கு வீடு மாறுகிறார்கள்; நேற்றுச் சாமான்களை ஏற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

“ஆட்டுக்கல்லையும் அரிசிச் சாக்கையும் ட்ரெய்லரின்ர கடைசியில வைச்சா, அது நாய் மாதிரி வாலை ஆட்டாமல் என்ன செய்யும்?”

“புது வீட்டுக்குள்ள முதல் போறது அரிசியெல்லோ. கதவடியில இருந்தாத்தானே முதல் இறக்கலாம்?”

“இஞ்சரும், லொறியின்ர முதுகில, போற வழியில படுக்கச் சமைக்கவெண்டு, கட்டிலும் குசினியுமா ஒரு பெட்டிவீடே ஏத்திக் கிடக்கு. முன்சில்லு நிலத்தில பதியுதில்லை. இதில வாலும் ஆடினா மெல்பனுக்கில்லை, பள்ளத்துக்குத்தான் போவம்.”

மனைவி விட்டுக்கொடுத்தார்.

“சரி, ஆட்டுக்கல்லை நடுவில வையுங்கோ. அரிசியை நான் முன்சீட்டில மடியில வைச்சுக்கொண்டு வாறன்.”

“எவ்வளவு அரிசி?”

“முழுச் சாக்கும்தான். முன்னுக்குப் பாரம் போதாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

கணவர் முணுமுணுத்தபடி கணக்குப் போட்டார்.

“ஓம், அது சரிவரும் போலத்தான் கிடக்கு” என்றார்.