நூறு நாள் பச்சை

எங்கள் கம்பெனி கேண்டீனில் இப்போது வடை போடுவதில்லை. பத்து மணி டீக்கு முளைகட்டின பச்சைப்பயறு தருகிறார்கள். முதலில் முணுமுணுத்தோம், பிறகு பழகிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான்.

பிரத்யுஷா மேடம், நடந்ததை முழுக்க எழுதித் தரச் சொன்னீர்கள். இதய நலத் திட்டத்தைக் கொண்டுவந்த அதிகாரியே நீங்கள்தான், உங்களுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். ஆனால் இந்த ஃபைலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட்டுக்கு இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி எங்களுடையது. உலைப் பக்கம் நாங்கள் பன்னிரண்டு பேர். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. போன வருஷம் முதலாளிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் இதயம் இருப்பது அவர் கவனத்துக்கு வந்தது. எண்ணெய்ப் பலகாரம் நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பெரிய இதயப் படம் வந்தது. டைம் ஆபீசில் ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் வந்தது.

எங்களைக் கூட்டிவைத்து, இதயம் நன்றாக இருக்க என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். ஷேக் பரீத் மட்டும் எழுந்தார். கரும்புக்கடை ஏரியாவிலிருந்து பஸ் மாறி வருகிறவர். இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில் நின்று வார்த்தவர்.

"ஏனுங்க மேடம், உலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தீங்கன்னா, மணிக்குப் பத்து நிமிசம் உக்காந்துக்குவமுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"சூப்பர் ஐடியாங்க பாய்," என்றீர்கள். "அதையே பரிசா வெச்சுரலாம்."

அப்படியே வைத்தீர்கள். பன்னிரண்டு பேருக்கும் தொடர்ந்து நூறு நாள் பச்சை வந்தால் பெஞ்சு. ரத்த அழுத்தம் 140/90க்குள் இருந்தால் நோட்டில் பச்சை, மேலே போனால் சிவப்பு. ஒருவருக்குச் சிவப்பு என்றால் எல்லோருக்கும் மறுபடி முதல் நாள். சிவப்பு வந்தவரைக் கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள். குறை சொல்ல முடியாத திட்டம். உட்காரத் தேவையில்லாத ஆட்கள் என்று நிரூபித்தால் உட்காரலாம்.

காலை எட்டு மணிக்கு அளந்து நோட்டில் எழுதுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்தீர்கள். நாற்பத்தாறு வயதில், சர்ச் ஹாலில் ஜெபராணி டீச்சரிடம் எழுத்து கற்றவன் நான். அடித்தல் திருத்தல் ஆகாது என்பார் டீச்சர். என் நோட்டைப் பார்த்திருப்பீர்கள், ஓர் அடித்தல் கிடையாது.

முப்பத்தெட்டாம் நாள் பரீத்துக்கு 168/104. சிவப்பு போட்டேன். வண்டியில் போய் மாத்திரையோடு திரும்பி வந்தார். எங்களுக்கு மறுபடி முதல் நாள்.

"ஏனுங்க பாய், உங்க இதயம் மட்டும் தனி யூனியனுங்களா?" என்று கேட்டான் எங்களோடு வார்க்கிற அரங்கசாமி.

"பொண்டாட்டி பேச்சையே கேக்காதுங்க அது. மேடம் பேச்சைக் கேக்குமாக்கும்?" என்று பரீத்தும் சிரித்தார். ஆனால் அன்று அவர் யாரோடும் சேர்ந்து டீ குடிக்க வரவில்லை.

எனக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, மேடம். சாயங்காலம் பஸ்ஸில் ஏற, காலைக் கையால் தூக்கிப் படியில் வைக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் பத்தொன்பதாம் நாள், பரீத்துக்கு மிஷின் 162/100 காட்டியது. மிஷினின் முகம் எப்போதும் என் பக்கம் திரும்பியிருக்கும்.

"எவ்வளவுங்ணா?" என்றார்.

"124க்கு 80. புது மாப்பிள்ளைக்குக்கூட இப்படி இருக்காதுங்க பாய்."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனம் லேசாக இருந்தால் இதயத்துக்கு நல்லது என்று உங்கள் போஸ்டரிலேயே இருக்கிறது. அதனால் தொடர்ந்து அப்படியே எழுதினேன்.

நாற்பதாம் நாள் அவரே சொன்னார். "ஏசுவண்ணா, மாத்திரையை நிறுத்திப்போட்டனுங்க. அதைத் தின்னாத் தலை சுத்துது. அதான் தெனமும் சரியா இருக்குதல்லங்க."

அன்று அவருக்கு 178/108.

"நல்லதுங்க பாய். வெட்டியா எதுக்கு மருந்து?" என்றேன். நோட்டில் 122/80 எழுதினேன்.

எண்பதாம் நாள் இடது தோள் வலிக்கிறது என்றார். இரும்புக் குழம்பு தூக்கினால் எனக்கும்தான் வலிக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

நூறாம் நாள், பதினோரு பேருக்குப் பச்சை எழுதியாகிவிட்டது. கடைசியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்த பரீத்தின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்ணா. வண்டியைக் கூப்புடுங்க."

வண்டி வந்தால் அது சிவப்பு.

"ஒரு நிமிசமுங்க பாய். இதை எழுதிப்போட்டுக் கூப்புடறேன்."

கையில் பட்டையைச் சுற்றினேன். மிஷினில் எண் வரவில்லை. இரண்டாவது முறை பார்த்தேன், மூன்றாவது முறையும் பார்த்தேன். அதற்குள் அவர் தலை மேஜைமேல் சாய்ந்துவிட்டது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 120/80 என்று எழுதினேன். கோட்டுக்கு வெளியே போகாமல் பச்சை அடித்தேன். அதன் பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

எட்டு இருபதுக்கே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நோட்டில் நான் போட்ட நேரம் எட்டு இருபத்தைந்து. நேரத்தை மட்டும் உள்ளபடி எழுதினேன். அதில்தான் பிடிபட்டேன்.

இரங்கல் கூட்டத்தையும் பெஞ்சுத் திறப்பையும் ஒரே நாளில் வைத்தீர்கள். மாலை இரண்டும் ஒரே கடையில் வாங்கியது. அவர் மனைவி உம்மல் குல்சும் வந்திருந்தார். "ஏசுவண்ணன் தெனமும் பாக்கறாரு, எனக்கென்ன பயம்னு சொல்லீட்டே இருப்பாருங்க," என்று என் முன்னால் கைகூப்பினார். நானும் கும்பிட்டேன்.

அவர் சாவுக்குக் காரணம் நான்தான். மறுக்கவில்லை. அரங்கசாமிக்கோ மற்றவர்களுக்கோ எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பெஞ்சை முதலில் கேட்டவர் பரீத் என்பதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதை நான் வாங்கிக் கொடுத்தேன்.

நல்ல பெஞ்சு. பன்னிரண்டு பேர் உட்காரும் அளவுக்கு அடித்தது. பதினோரு பேர்தான் என்பதால் என் முட்டியை நீட்டி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நேற்றுப் பத்து நிமிடம் அதில் உட்கார்ந்து எழுந்து, எனக்கு நானே அளந்து பார்த்தேன். 118/76.

இது மிஷின் சொன்னதுதான், மேடம். நான் மாற்றவில்லை.