இரவல் மோட்டார்

தலைமையேற்றிருக்கும் கடன் சங்கத் தலைவர் அவர்களே, ஆய்வுக்கு வந்து அலுத்துப்போன அதிகாரிகளே, வெயிலைத் தலையில் வாங்கி வந்திருக்கும் பெரியோர்களே, என்னைப் பெறாமலே பிள்ளையென அழைக்கும் தாய்மார்களே, வணக்கம்!

ஊர்ப்புறத்து நிலத்துக்கும் வீட்டுக்கும் அரசு கைகொடுக்கிறது என்று இங்கே முழங்கினார்கள். மகிழ்ச்சி. கொடுத்த கை எந்த வாசலில் நின்றது? எந்த வாசலைத் தாண்டிப் போனது? கேட்க வேண்டாமா?

நம் தையல்கார அக்காவைத் தெரியும் உங்களுக்கு. புருஷனை இழந்தவள். நிலம் அவள் பெயரில் இருக்கிறது. கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. இறைக்க மோட்டார்தான் இல்லை. மோட்டார் கடனுக்கு எழுதிப் போட்டாள். அதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் தெருவே கூடியது.

"ஒண்ணுமில்லாதவளுக்கு எவன்க்கா கடன் குடுப்பான்? நாலு பொருளைக் கண்ணுல காட்டணும்" என்றான் மெக்கானிக் தம்பி. நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. கடைசியில் பக்கத்து வயல்காரரின் மோட்டாரும் வந்து கிணற்றடியில் உட்கார்ந்தது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"மோட்டார்தான் இருக்கேம்மா, அப்புறம் எதுக்குக் கடன்?"

"அது இரவல் சார்."

"இரவலா? யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?"

அவ்வளவுதான். மனு தள்ளுபடி.

அவள் செய்தது அசட்டுத்தனம் என்கிறார் முன்வரிசை ஐயா. ஆமாம் ஐயா, அசட்டுத்தனம்தான். ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தது யார்? இருப்பவனுக்கு இருக்கை போட்டு, இல்லாதவளை வாசலில் நிறுத்தியது யார்? ஊரில் பாதி நிலம் வைத்திருக்கும் பண்ணை வீட்டுக்கு மானியத்தோடு மோட்டார் போனபோது எந்த அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார்? ஏழை என்று சொன்னால் கடன் கிடைக்காது என்று ஒரு தெருவே நம்புகிறதே, அந்த நம்பிக்கையை விதைத்தது யார்? விதைத்தவர்களே, இன்று விளைச்சலைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களா?

எங்கே அவள் என்று கேட்கிறீர்களா அம்மா? இந்தப் பந்தலுக்குப் பின்னால்தான் அவள் வயல். தக்காளி பூத்து நிற்கிறது. தண்ணீர் தவறினால் பூ உதிரும். பூ உதிர்ந்தால் வயலை விற்றுவிடுவாள், வாங்கப் பண்ணை வீடு காத்திருக்கிறது. அதனால் குடம் குடமாய்ச் சுமக்கிறாள். கூட்டத்துக்கு வர அவளுக்கு ஏது நேரம்?

தலைவர் அவர்களே, உங்கள் முடிவுரையை அவள் வயலில் வைத்துச் சொல்லுங்கள். அதிகாரிகளே, மறு ஆய்வை இப்போதே செய்யுங்கள். எழுந்திருங்கள். வரப்பில் வழுக்குமோ என்ற கவலை வேண்டாம், காய்ந்துதான் கிடக்கிறது.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். நான் முன்னே நடக்கிறேன்.