வேன்காரருக்குச் சேர வேண்டிய மாத்திரை

என்னிடம் ஊசி குத்திக்கொண்டவர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. நரம்பு கிடைக்காத கைகளை எல்லாம் டாக்டர்களே என்னிடம்தான் அனுப்புவார்கள். பதினோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுப் பிரிவில் ரத்தம் எடுக்கிறேன். விசாரணையில் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள் மேடம், எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

சிறுநீரகம் கெட்டுப்போவதைத் தள்ளிப்போட ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஆய்வை நடத்தும் பெரிய டாக்டருக்கும் தெரியாது. எந்த மாத்திரை என்று எழுதிய சீட்டை உள்ளே வைத்து ஒட்டிய உறைகள் வரும். வருகிறவர்களுக்கு வரிசைப்படி ஒவ்வொன்றாக ஒதுக்குவது என் வேலை. அதன்படி அவரவர் பெயரில் மாதாமாதம் மாத்திரைப் பாட்டில் வரும். எக்ஸ்ரே படம் பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் உறையை வைத்தால் உள்ளே இருக்கும் எழுத்து பளிச்சென்று தெரியும். பெட்டி என் மேசைக்குப் பின்னால்தான் இருந்தது. நானாகத் தேடிப் போகவில்லை.

அன்று வரிசையில் முதலில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். அடுத்தது என் அக்கா. அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். அவள் என் அக்கா என்று பெரிய டாக்டருக்குத் தெரியாது. சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை. வேன்காரர் உறையில் மருந்து, அக்கா உறையில் வெற்று. இரண்டையும் இடம் மாற்றினேன். என் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

வேன்காரர் தங்கமான மனிதர். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்றால் பாதிப் பேர் ஊற்றிவிட்டு வந்து கதை சொல்வார்கள். அவர் கேனை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுவருவார். அவருக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேனே என்று மனசு உறுத்தியது. அதனால் மூன்றாம் மாதத்திலிருந்து இருவர் மாத்திரைப் பாட்டில்களின் லேபிளையும் மாற்றி ஒட்டினேன். அவருடையது அவருக்கே போய்விட்டது. இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் மாதம் அவருடைய கிரியாட்டினின் 2.3-லிருந்து நாலுக்கு வந்தது. சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற எண் அது. ஒன்றரை மடங்கு தாண்டினால் ஆளை ஆய்விலிருந்து விலக்க வேண்டும் என்பது விதி. லேபுக்கு அனுப்புமுன் எங்கள் அறையில் இருக்கும் சின்ன மெஷினில் நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன். அதனால் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

என் கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். குழாயை மெஷினில் வேகமாகச் சுற்றி இறக்கிய பிறகு மேலே நிற்கிற மஞ்சள் நீரை அவருடையதோடு பாதிக்குப் பாதி கலந்தேன். எனக்கு 0.8. கூட்டிப் பிரித்தால் 2.4. லேபும் 2.4 என்றே எழுதியது. அவ்வளவு சுத்தமாகக் கலந்திருந்தேன்.

அவர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

“தம்பி, வாயெல்லாம் கசக்குது. கால் வீங்கிப்போய் ஷூ போட முடியல.”

“ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்குண்ணே. உப்பைக் குறைங்க.”

“நீ சொன்னா சரிதான் தம்பி.”

ஏழாம் மாதம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, வேனை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்த பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். பொறுப்பான மனிதர். எனக்கு ரொம்ப வருத்தம். காரியத்தன்று வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தேன்; காப்பி கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் அக்காவின் அளவு எவ்வளவு என்று நேற்றுக் கேட்டீர்கள். 2.8. சேரும்போது இரண்டுதான் இருந்தது. ஆமாம், அது ஏறிய வாரம்தான் லேபிளை மாற்றினேன். மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளுமா? வேன்காரருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்தாம் மாதம் தெரிந்தது, உண்மைதான். ஆனால் அதற்குள் அக்கா 2.1-க்கு இறங்கிவிட்டாள். அவள் சாப்பிட்டது வேன்காரர் பெயரில் வருகிற வெற்று மாத்திரை. அவரை விலக்கினால் அந்தப் பாட்டில் வருவது நின்றுவிடும். அவள் மறுபடியும் தன் பெயரில் வருகிற மருந்தைத்தான் விழுங்க வேண்டும்.

அக்காவையே ஆய்விலிருந்து நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆய்வில் இருந்தால் பெரிய டாக்டரே மாதாமாதம் பார்ப்பார் மேடம். வெளியே அவரைப் பார்க்க நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.