ஒத்தையில டெல்லிக்கு

கொடைக்கானலிலிருந்து இறங்கும் பேருந்தில், என் முன்சீட்டில் பேத்துப்பாறைக் கிராமத்துப் பெண்கள் இருவர். இளையவள் உரக்கச் சொன்னாள்:

“டெல்லிக் குளிரெல்லாம் நம்ம குளிருக்குத் தங்கச்சிதான் மதினி. பயப்படாதீங்க.”

பட்டாளத்தில் இருக்கும் தம்பியைப் பார்க்கத் தனியாகவே டெல்லி போய் வந்தவள் அவள். மதினியின் மகளுக்கு அங்கே தலைப்பிரசவமாம். தோட்டத்தில் பூண்டு எடுத்த பிறகு கூட்டிப்போவதாக மதினியின் புருஷன் சொல்லியிருக்கிறார்.

“பூண்டுக்குக் காத்திருந்தா, பேரப்பிள்ள நடந்து வந்து கதவத் தொறக்கும்.”

“பாஷை தெரியாதே செல்லம்மா?”

“எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? கடைவீதியில வழி தப்பிட்டேன். ‘தமிழ் பேசுற பொம்பள யாராச்சும் இருக்கீகளா’ன்னு நடுத்தெருவுல நின்னு ஒரு சத்தம் போட்டேன். மாடியில இருந்து ஒரு தஞ்சாவூரு அம்மா எறங்கி வந்து, காப்பி குடுத்து, குதிரவண்டி ஏத்திவிட்டாங்க.”

“பெறகு?”

“பெறகென்ன, மறுநாள் பார்லிமெண்டையே பாத்தேன். வாசல்ல நின்ன போலீசு எந்த ஊருன்னு சைகையில கேட்டாரு. பேத்துப்பாறைன்னு சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு!”

மதினி சிரித்தாள்.

பெருமாள்மலையில் அவள் புருஷன் காத்திருந்தார். “வெரசா எறங்கு, நம்மூரு வண்டி நிக்குது.”

அவள் படியிலேயே நின்றாள்.

“நான் இந்த வாரமே டெல்லிக்குக் கெளம்புறேன்.”

“ஒத்தையிலயா?”

“ஒத்தையிலதான். பூண்ட நீங்க பாத்துக்கங்க. எம்மக வலியில ‘அம்மா’ன்னு கத்தும்போது, ‘இந்தா இருக்கேன்’னு சொல்ல நான் அங்க நிக்கணும்.”