மனப்பாடமான ஒரே நம்பர்

பிரதீபா: ...இல்லய்யா, மறுபடி படி. வாத்து இன்னா பண்ணுச்சு?

ஜெகதீசன்: முட்டுச்சு. அமெரிக்காவுல ஒரு ஆளை வாத்து முட்டிடுச்சாம்.

பிரதீபா: முட்டுச்சா, கொத்துச்சா? கரீட்டா சொல்லு. முட்டுனா ஒரு நம்பர், கொத்துனா வேற நம்பர்.

ஜெகதீசன்: யம்மாடி! இதுக்கா அஞ்சு மாசமா பஸ்ஸு புடிச்சி படூரு கிளாஸுக்குப் போயிகினு கீற?

பிரதீபா: சிரிக்காத. டாக்டர் எழுதினதைப் படிச்சி ஒவ்வொரு சீக்குக்கும் நம்பர் போடணும். அதான் மெடிக்கல் கோடிங். தப்பா போட்டா அங்க ஒருத்தனுக்கு இன்சூரன்ஸ் வராது.

ஜெகதீசன்: அப்போ புக்கை மூடிட்டு டக்குனு சொல்லு.

பிரதீபா: மூட மாட்டேன். நாளைக்குப் பரீட்சையிலயே புக்கு பாத்துதான் எழுதுவோம். ஆயிரக்கணக்குல நம்பர் கீது, யாரு மனப்பாடம் பண்றது?

ஜெகதீசன்: ஒண்ணு கூடவா தெரியாது?

பிரதீபா: ஒண்ணே ஒண்ணு தெரியும்.

ஜெகதீசன்: இன்னா சீக்கு அது?

பிரதீபா: அப்புறம் சொல்றேன். அடுத்த கேஸைப் படி... இன்னா இந்த இருமு இருமுற? தண்ணி குடி.

ஜெகதீசன்: சிலைப் பட்டறையில கல்லு நந்தி முதுகுக்கு மெஷின் போட்டோம். தூசு... ஒண்ணுமில்ல.

பிரதீபா: மாஸ்க்கு?

ஜெகதீசன்: பத்திரமா ஆணியில மாட்டி வெச்சிகீறேன்.

பிரதீபா: ஆணிக்கா வாங்கிக் குடுத்தேன்?

ஜெகதீசன்: சரி சரி, கேஸைக் கேளு. ஆம்பள. வயசு முப்பத்தெட்டு. வறட்டு இருமல். மாடி ஏறினா மூச்சு வாங்குது. 'நுரையீரல்ல கல்லுத் தூசி படிஞ்சிருக்கலாம்னு சந்தேகம்.' டாக்டர் அப்டி எழுதிகீறாரு.

பிரதீபா: அந்த அமெரிக்காகாரன் பேரு இன்னா?

ஜெகதீசன்: பேரா... ஜான்.

பிரதீபா: ஜான் இன்னா வேலை செய்யறாரு?

ஜெகதீசன்: ஏன், அங்க சிலை செய்ய மாட்டாங்களா? நீ நம்பரைச் சொல்லு தீபா.

பிரதீபா: சந்தேகம்னு எழுதியிருந்தா அந்தச் சீக்குக்கு நம்பர் போடக் கூடாது. அது ரூலு. இருமலுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் மட்டும்தான் போடணும்.

ஜெகதீசன்: அப்போ... ஜானுக்கு அந்தச் சீக்கு இல்லியா?

பிரதீபா: இல்லனு சொன்னேனா? டாக்டர் உறுதியா எழுதற வரைக்கும் நான் எழுத மாட்டேன், அவ்ளோதான்.

ஜெகதீசன்: நல்ல ரூலுடி இது! எனக்குப் புடிச்சிகீது.

பிரதீபா: அந்தத் தாளைக் குடு.

ஜெகதீசன்: ஏய்... வுடு, ஒரே கிறுக்கலா கீது. நானே படிக்கிறேன்.

பிரதீபா: ரெண்டாவது பக்கம் எங்க?

ஜெகதீசன்: இன்னா ரெண்டாவது பக்கம்? இருக்கறது இதான். நீ நாளைக்கு நல்லா எழுது. வேலை கெடைச்சதும் நான் வூட்டுல உக்காந்துகினு உனக்கு நாஸ்தா செஞ்சி போடறேன், போதுமா?

பிரதீபா: அது வரைக்கும் ஏன்? திங்கக்கெழமையே பட்டறைய வுட்டு நின்னுடு.

ஜெகதீசன்: நல்லா கீதே! நந்தியை யாரு முடிப்பா?

பிரதீபா: நந்தி எழுந்து எங்கயும் போயிடாது. எனக்கு நீதான் வேணும்.

ஜெகதீசன்: தீபா... ஏய், இன்னாத்துக்கு அழுவுற? நாளைக்குப் பரீட்சைய வெச்சிகினு...

பிரதீபா: ரெண்டாவது பக்கம் உன் உளிப் பையில, அடியில, நாலா மடிச்சிக் கீது. செங்கல்பட்டுல ஸ்கேன் எடுத்த பக்கம். அதுல சந்தேகம்னு ஒரு எழுத்து இல்ல.

ஜெகதீசன்: மொதல்ல சொல்லத் தைரியம் வரல. அப்புறம் உன் பரீட்சை முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன். எப்போ பாத்த?

பிரதீபா: கிளாஸுக்குப் பேரு குடுத்ததுக்கு மொத நாள். நான் சம்பாதிச்சாத்தான் நீ உளியைக் கீழ வெப்பனு போய்ச் சேந்தேன். புக்கு குடுத்ததும் மொதல்ல தேடினது உன் சீக்கைத்தான்... ஜே அறுவத்திரெண்டு புள்ளி எட்டு. புக்கைப் பாக்காம எனக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் அதான்யா.