கத்தி நிற்கும் நேரம்

புல்வெட்டும் இயந்திரம் கிளம்ப மறுத்தால் பத்தில் எட்டு முறை பழைய பெட்ரோல்தான் காரணம். மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் பிசுபிசுத்துப்போய் கார்புரேட்டரை அடைத்துவிடும். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு பிளக், பிறகு காற்று வடிகட்டி. இது தெரியாமல் எடுத்ததற்கெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் போலீஸ் அறிக்கையில் 'சரியாகப் பராமரிக்கப்படாத இயந்திரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. பதினோரு வருடமாக அதைப் பராமரித்தவள் நான்.

தம்பி வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுவான். மாலையில் சமையலறைக்குப் பின்னால் சாக்கை விரித்து இயந்திரத்தைச் சாய்த்து வைப்பேன். அடியில் அப்பிய புல்லைச் சுரண்டுவேன். கத்தியைக் கழற்றி அரம் போடுவேன். "உன் கை பட்டா செத்த இன்ஜின்கூட எந்திரிச்சு உக்காந்துரும்க்கா" என்று சிரிப்பான். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. எனக்கு வந்த வரன்களையெல்லாம் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை.

இந்த வருடம் ஒரு நாள் வந்து நின்றான்.

"அக்கா, ஸ்டேடியத்துல புல் வெட்டுற வேலை கிடைச்சிருச்சு. தங்க ரூமும் குடுக்குறாங்க."

"எந்த ஊர்ல?"

"ரயில்ல ஒரு நாள் ஆகும். போனதும் கல்யாணத்தை முடிச்சிரலாம்னு நான் கட்டிக்கப்போற பொண்ணும் சொல்றா."

"நானும் வரட்டுமாடா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "ஒரே ஒரு ரூம்க்கா. அடிக்கடி வந்து பாக்குறேனே."

நான் சண்டை போடவில்லை. இயந்திரத்தையும் கூடவே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தான். அதனால் பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டான். அடுத்து வடிகட்டியில் எண்ணெய் ஊற்றினேன். இன்னொரு வாரம். பழுது பார்ப்பது போல உட்கார்ந்து, அவனோடு பேசிக்கொண்டே திருகாணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நல்ல வாரங்கள் அவை.

மூன்றாவது வாரம் சொன்னான்: "விடுக்கா. மெஷின் இங்கயே கிடக்கட்டும். அங்க அவங்களே குடுப்பாங்க. சனிக்கிழமை தலைமையாசிரியர் வீட்டுல மட்டும் கடைசியா வெட்டிக் குடுத்துட்டுத் திங்கக்கிழமை கிளம்புறேன்."

அன்றிரவு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நாலு சுவருக்குள் இனி யாரோடு பேசுவது என்று மட்டும் யோசித்தேன்.

அந்த இயந்திரத்தின் கைப்பிடியை ஒட்டி, ஓட்டும்போது அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய ஒரு கம்பி உண்டு. விட்டால் இன்ஜின் அணையும், பிரேக் பிடித்துக் கத்தியும் மூன்று நொடிக்குள் நின்றுவிடும். ஈரப்புல் அடைத்துக்கொண்டால் தம்பி கம்பியை விடுவான், மூன்று எண்ணுவான், அடியில் கையை விட்டுப் புல்லை இழுப்பான். கையை விடாதே, குச்சியை எடு என்று முன்பெல்லாம் திட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிரேக்கைப் பிடிக்காதபடி செய்தேன். நான் கெடுத்து வைத்திருந்த மற்ற எல்லாவற்றையும் சரிசெய்தேன். கத்தியை வழக்கத்தைவிட நன்றாகத் தீட்டினேன். மழுங்கின கத்தி காயத்தைக் கந்தலாக்கிவிடும்.

விடிகாலையில் மழை பெய்தது. "புல் காயட்டும்க்கா, மத்தியானம் போறேன்" என்றான். "ஒரேயடியா முடிச்சிட்டு வந்து மூட்டை கட்டுடா" என்று அனுப்பினேன். தேநீர் கொண்டுபோகிறேன் என்று நானும் பின்னாலேயே போனேன். பையில் துவைத்த வெள்ளைத்துணி வைத்திருந்தேன். நான் வந்த ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொன்னேன்.

இன்ஜின் சத்தம் அடங்கியது. அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அக்கா சமயோசிதமாகக் கட்டுப் போட்டதால்தான் உயிர் பிழைத்தான் என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். மயக்கம் தெளிந்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "நான்தான் அவசரப்பட்டு எண்ணிட்டேன்க்கா."

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து அழுதாள். மூன்றாம் முறை வந்தபோது, "அவன் உன்னப் பாக்க விரும்பலம்மா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். அவள் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று அவனிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள், ஐயா. ஒரு மணிக்கு அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?